எருமைக்கு ஒரு டப்பா பவுடர்

அன்பு மகள் அரசிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதே கடிதத்துக்கு முறை. உன் நலத்தை வியாழக்கிழமை மாலை தொலைபேசியிலேயே கேட்டறிந்தேன். என் நலம் எப்படி என்பது இக்கடிதத்தை எழுதி முடித்த பிறகுதான் எனக்கே தெரியவரும். ஆகவே அந்த முறையை இந்த ஒரு தடவை ஒத்திவைக்கிறேன். நீ கேட்டது மிகச் சிறிய உதவி. "அம்மா, அந்த எருமைக் கதைய எழுதி அனுப்பும்மா. திங்கக்கிழம கிளாஸ்ல சொல்லணும்," என்றாய். வேலூரில் நீ பாடம் நடத்தும் மழலையர் வகுப்பில் ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள் என்றும், அவள் கன்னத்தில் தீக்காயத் தழும்பு இருக்கிறது என்றும் சொன்னாய். இடக்கையால் ஒரு கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வலக்கையால் எழுதுகிறாளாம். தாளைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால் அவள் எழுதும் தாள் மேசையில் நழுவிக்கொண்டே இருக்கிறதாம். "வாட்ஸ்அப்ல பேசி அனுப்புனாலும் போதும். ஆனா நீ பேசுனா நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கும்மா, அதான் எழுதச் சொல்றேன்," என்று சிரித்தாய். நானும் ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தபோது கதையின் முதல் வரியைத் தாண்ட என்னால் இயலவில்லை. அந்தக் கதையை உனக்குக் கொடுக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீ முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் உனக்குத் தெரியாத ஒரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வேலூர் பேருந்தில் வந்து இதை உன் கையில் சேர்ப்பார். உனக்கு மனம் ஒப்பினால் உன்னோடு பணிபுரியும் ஆசிரியைகளுக்கும் படித்துக்காட்டு. அவர்களையும் மனத்தில் வைத்தே, நீ அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என்பதையும், எஞ்சிய கல்வியை நானே தேடிக்கொண்டேன் என்பதையும் நீ ஆயிரம் முறை கேட்டிருப்பாய். ஆயிரத்தோராம் முறையும் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நூலகத்தில் இருந்த தமிழ் அகராதியை முதல் பக்கத்திலிருந்து, அடுத்து என்ன வருமோ என்ற ஆவலோடு, கதைப்புத்தகம் போலப் படித்தவள் நான். முப்பது வயதைத் தாண்டித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறி, வேங்கிக்கால் அங்கன்வாடி மையத்தில் பணியில் சேர்ந்தேன். சத்துமாவு உருண்டை, எடை பார்க்கும் தொங்குதராசு, சுவரில் பழம், காய், விலங்குப் படங்கள், முன்னால் வரிசையாக அமர்ந்திருக்கும் இருபது குழந்தைகள். அவர்களுக்குச் சொல்லப் புத்தகத்தில் இருந்த கதைகள் பத்து நாளில் தீர்ந்துபோயின. பதினோராம் நாளிலிருந்து நானே விலங்குக் கதைகளை உண்டாக்கத் தொடங்கினேன்.

அப்போது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது கதை அல்ல, சிரிப்பு. குழந்தைகள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்க மறுக்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். யானை வழுக்கி விழுந்தால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அதே இடத்தில் பூனை வழுக்கி விழுந்தால் பாதிப் பேர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "அடிபட்டுச்சா டீச்சர்?" என்று கேட்பார்கள். குரங்கு ஒரு தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பறித்து அணிந்தால் சிரிப்பு. அணிந்த பிறகு குரங்குக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அமைதி. பிறகு யாராவது ஒருவர், "அப்ப அந்தத் தாத்தாவுக்கு?" என்பார். மாதந்தோறும் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தில் குரங்குகளிடம் கண்ணாடியைப் பறிகொடுத்தவர்களை நேரில் கண்ட பிள்ளைகள் அல்லவா அவர்கள். காரணம் புரியாத இடங்களில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவைப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அந்தச் சொற்களே அதிகம்.

உனக்கு ஐந்து வயது நிறைவதற்குச் சில மாதங்கள் முன்னால், உன் இடப்புருவத்துக்கு மேலே அந்த வெண்புள்ளி தோன்றியது. முதலில் மிளகளவு. கோடை முடிவதற்குள் நெற்றியின் ஓரம் வரை படர்ந்து, ஒரு சிறிய வெற்றிலையின் அளவில் நின்றது. தோல் மருத்துவர், "ஒட்டாது, வலிக்காது, நிறம் மட்டும் போயிருக்கு, அவ்ளோதாங்க," என்றார். நம் தெருவில் அவ்வளவு எளிதாக விடவில்லை. "மீன் துன்ன கையோட தயிர் ஊத்திட்டியா பொண்ணுக்கு?" என்று எதிர்வீட்டார் கேட்டார். அது மூடநம்பிக்கை என்று அவருக்கு நான் கால் மணி நேரம் விளக்கம் அளித்தேன். விளக்கம் அளித்த அதே நான், அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நம் வீட்டில் மீனும் தயிரும் ஒரே நாளில் வராமல் பார்த்துக்கொண்டேன். உன் அப்பா கண்டுகொண்டார். நான் வாயால் சொல்வதும் கையால் செய்வதும் வெவ்வேறாக இருந்ததற்கு இது முதல் சான்று. இதைவிடப் பெரியது பின்னால் வருகிறது.

எதிர்வீட்டார் அப்படிக் கேட்ட வாரமே, என் மையத்துக்கு வந்துகொண்டிருந்த உனக்காக ஒரு கதை செய்தேன். வெள்ளையம்மா என்பது ஒரு கறுப்பு ஆடு. நெற்றியில் மட்டும் வெள்ளை. மற்ற ஆடுகள் அதைக் கேலி செய்தன. ஒருநாள் மலையடிவாரத்தில் மந்தை முழுவதும் இருட்டில் வழி தவறிவிட்டது. வெள்ளையம்மாவின் நெற்றி மட்டும் இருட்டில் பளிச்சென்று தெரிந்ததால், எல்லா ஆடுகளும் அதையே பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்து வீடு சேர்ந்தன. பின்னால் வருவோருக்கு நெற்றி தெரிய வேண்டுமே. ஆகவே வெள்ளையம்மா வழி முழுவதும் பின்னோக்கியே நடந்தது. இரண்டு முறை கல் தடுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தது. அந்த இடத்தில் மையமே அதிரும்படி சிரிப்பு. எனக்கு மிகுந்த பெருமிதம். நீயும் சிரித்தாய். அன்று மாலை உனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நீ கண்ணாடியைப் பார்த்தபடி, "அம்மா, பகல்ல?" என்றாய். பகலில் என்ன என்று கேட்டேன். "பகல்ல அந்த வெள்ள எதுக்கு?" என்றாய். சிறிது யோசித்து, பகலில் அது அழகுக்கு என்றேன். "அப்ப ஏன் மத்த ஆடெல்லாம் சிரிச்சிச்சு?" என்றாய். உன் தலையை இரண்டாவது முறையாக வாரத் தொடங்கினேன்.

நோட்டில் 'பகலில்?' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்த ஒரு சொல் என்னைப் பல வாரங்கள் தூங்கவிடாமல் செய்தது என்று எழுதினால் மிகையாகும். ஆனால் சோறு வடிக்கும்போதும் வருகைப்பதிவேடு எழுதும்போதும் அது கூடவே இருந்தது. அதுவரை நான் உண்டாக்கிய கதைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். குண்டு வாத்து, ஏரிக்கரை உடைந்த இடத்தில் உட்கார்ந்து வெள்ளத்தைத் தடுத்திருந்தது. நீளக்காது முயல், வேடன் வரும் ஓசையை முதலில் கேட்டிருந்தது. கரகரத்த குரல் காகம், கத்தியே திருடனை ஓட்டியிருந்தது. என் கதைகளில் எந்த விலங்கும் வேறுபட்ட உடலோடு சும்மா இருக்க அனுமதிக்கப்படவில்லை. ஊரைக் காப்பாற்றினால்தான் அதற்கு மன்னிப்பு. உருவம் வேறாக இருப்பவர் எதையாவது சாதித்துத்தான் தன் இடத்தைப் பெற வேண்டும் என்று, சிரிக்கச் சிரிக்க, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஏரி உடையாத ஊரில் குண்டு வாத்து என்ன செய்யும்? அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணச் செய்தவள் நீ.

எருமை வந்தது அதற்குப் பிறகு. கதையில் வருவதற்கு முன் மையத்தின் வாசலுக்கு வந்தது. பால்காரருடைய எருமை அது. நெற்றியில் உள்ளங்கையளவு வெள்ளை. ஒருநாள் காலை, குழந்தைகளுக்கு முட்டை அவிக்கும் நேரத்தில், வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வரவும் இல்லை, வழிவிடவும் இல்லை. நம் மையத்தின் உதவியாளர் தனபாக்கியம் அக்கா, நீங்கள் எல்லோரும் ஆயா என்று அழைத்தவர், கையில் கரண்டியோடு அதன்முன் நின்றார். "ஆயா, அதுக்கு நெத்தியில என்னா?" என்று ஒரு குழந்தை கேட்டது. நான் தோலின் நிறம் பற்றி விளக்க வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னார்: "சுண்ணாம்புடா. மேஸ்திரி அதுக்கு வெள்ளையடிக்க ஆரம்பிச்சாரு. பாதியில டீ குடிக்கப் போனாரு, இன்னும் வரல." குழந்தைகள் சிரித்து முடிப்பதற்குள், "எப்ப வருவாரு?" என்று இன்னொரு குரல். "அதக் கேட்டுக்கினு போகத்தான் இங்க வந்து நிக்குது," என்றார் அக்கா. எருமை அந்த நேரம் பார்த்துத் தலையை ஆட்டியது. அதன் பிறகு அரை மணி நேரம் யாரும் முட்டையைத் தொடவில்லை.

இங்கே ஒரு சிறிய உண்மையைப் பதிவு செய்கிறேன். எருமைக் கதை என்னுடையது என்றே இத்தனை ஆண்டுகளும் சொல்லிவந்தேன். பணியாளர் கூட்டங்களில் பாராட்டும் பெற்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா பக்கத்திலேயே அமர்ந்து, "டீச்சரு நல்லா சொல்லும்," என்று பெருமையாகத் தலையசைப்பார். அது அவருடைய கதை. நான் சேர்த்தது ஒரே ஒரு விதி: எருமை யாரையும் காப்பாற்றக் கூடாது.

அதை விளையாட்டாக்கினோம், நினைவிருக்கிறதா? ஒருவர் கையூன்றி எருமையாக நிற்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, "எருமையக்கா எருமையக்கா, நெத்தியில என்னா?" என்று கேட்க வேண்டும். எருமை ஒரு பதில் சொல்ல வேண்டும். முன்பு ஒருவர் சொன்னதைச் சொல்லக் கூடாது. உண்மையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. "தயிர்சாதம் சாப்ட்டேன், வாய் எங்க இருக்குதுனு தெரியல." "கோயிலுக்குப் போனேன், விபூதி கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு." "கல்யாண போட்டோ எடுக்கப் போனேன், ஒரு டப்பா பவுடர்தான் இருந்துச்சு, நெத்திக்கே தீந்துடுச்சு." பவுடர் பதிலுக்கு உன் அப்பாகூடச் சிரித்தார். எருமையின் உடம்பு முழுவதற்கும் எத்தனை டப்பா தேவைப்படும் என்று அவர் ஒரு வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

உன் முறை நான்காம் நாள்தான் வந்தது. அதுவரை நீ எருமையாக நிற்க மறுத்தாய், நான் வற்புறுத்தவில்லை. நான்காம் நாள் நீயே போய்க் கையூன்றி நின்றாய். எல்லோரும் கேட்டார்கள். நீ நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "இதுவா? இதுக்குப் பின்னாடி ஒரு எரும நிக்குது. பாக்கலியா நீங்க?" அன்று எழுந்ததைப் போன்ற சிரிப்பை அந்த மையம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒரு குழந்தை சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அக்கா தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று. சுண்ணாம்பில் வேடிக்கை இருந்தது, பவுடரில் வேடிக்கை இருந்தது. நீ சொன்னதில் எந்த வேடிக்கையும் இல்லையே, எதற்காக இப்படிச் சிரிக்கிறார்கள் என்று வியந்தேன். நோட்டில், 'மிகுந்த சிரிப்பு. காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன்.

அதன்பின் நீ வளர்ந்ததைப் பார்த்து நான் கொண்ட செருக்குக்கு அளவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் போன பேருந்தில் ஓர் அம்மா உன்னைப் பார்த்து, "ஐயோ, பொண்ணுக்கு மூஞ்சியில என்னாம்மா இது?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முறையாக விளக்கத் தொடங்கினேன். ஜன்னலோரம் இருந்த நீ, "விபூதி கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு ஆன்ட்டி," என்றாய். அவர் சிரித்தார். பிறகு தன் முழங்கால் வலியைப் பற்றி உன்னிடம் நெடுநேரம் பேசினார். ஆறு வயதுப் பெண்ணிடம். இறங்கும்போது ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். தன்னைப் பற்றி அஞ்சாமல் பேசுபவரிடம் பிறரும் தம்மைப் பற்றி அஞ்சாமல் பேசுகிறார்கள் என்பதை நான் கற்றது அந்தப் பேருந்தில்தான்.

எல்லா நாளும் அப்படி இருந்ததாகவும் எழுத மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் முடியை இடப்பக்கம் இழுத்துவிட்டு நெற்றியை மறைத்துப் பள்ளிக்குச் சென்றாய். "எருமை எங்கே போயிற்று?" என்று கேட்டேன். "லீவும்மா," என்றாய், என் முகத்தைப் பாராமலே. பத்தாம் வகுப்புப் பாதி வரை அந்த விடுப்பு நீடித்தது. பிறகு ஒருநாள் பின்னலை இழுத்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பினாய். தன்னை ஏற்றுக்கொள்வதை ஒருமுறை கற்றால் போதும், பெருக்கல் வாய்ப்பாடு போல அது கூடவே இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. அதற்கும் விடுப்பு நாட்கள் உண்டு. விடுப்பு முடிந்து அது தானே பணிக்குத் திரும்பும்வரை வீட்டிலுள்ளவர்கள் காத்திருக்க வேண்டும்.

இனி அந்தச் செய்தி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக் கடலை பயிரிடும் ஒரு குடும்பத்திலிருந்து உன்னைப் பெண் கேட்டார்கள். நம் உறவினர் ஒருவர் வழியாக, புகைப்படம் அனுப்பும்படி சொன்னார்கள். நீ பட்டம் பெற்றபோது மாட வீதி ஸ்டூடியோவில் எடுத்த படத்தையே கேட்டு வாங்க நான் சென்றேன். ஸ்டூடியோக்காரர் கணினியில் படத்தைத் திறந்து, "டீச்சர், கல்யாணத்துக்குனா லேசா டச் பண்ணிடட்டா?" என்றார். நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. "இயற்கையாகத் தெரியும்படி செய்யுங்கள்," என்றேன். என் வாயிலிருந்து வந்த சொற்கள் அவை. அவர் இரண்டு மூன்று முறை அழுத்தினார். உன் நெற்றி ஒரே நிறமாயிற்று. அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள். படத்தை அங்கிருந்தே உறவினரின் கைபேசிக்கு அனுப்பச் சொன்னேன். உன்னிடம் காட்டவில்லை. உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்லியே டீச்சரம்மா, எருமைக்கு ஒரு டப்பாவே போதும்போல இருக்குது," என்றார். நான் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நேரில் வந்து நீ பேசுவதைக் கேட்டால் அவர்கள் மனம் எப்படியும் உன் பக்கம் சாய்ந்துவிடும், வாசல்வரை அவர்களை வரவழைப்பது மட்டுமே என் வேலை என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குச் சொன்னதை, என் மகளின் திருமணம் என்று வந்ததும் என்னால் நம்ப இயலவில்லை.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளையின் தாய் கைபேசியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார். கால் மணி நேரம்கூட உட்காரவில்லை. கேசரியையும் பஜ்ஜியையும் தொடாமல், "வர்றோங்க," என்று எழுந்துவிட்டார்கள். நான் அவர்கள் பின்னாலேயே தெருமுனையில் நின்ற கார் வரை ஓடினேன். அங்கே என்ன நடந்தது என்பதுதான் உனக்குத் தெரியாது. அந்த அம்மாள் காரில் ஏறாமல் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பொண்ணு மேல ஒரு குறையும் இல்லீங்க. எங்க நாத்தனாருக்கும் கையில இப்படி இருக்குது, அது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்ல. போட்டோவுல அத ஏங்க எடுத்துட்டீங்க? இதயே மறைக்கிறவங்க இன்னும் என்னென்ன மறைச்சிருப்பாங்களோனு எங்க வீட்டுக்காரரு பயப்படுறாரு. டீச்சரா இருந்துக்கினு இப்படிப் பண்ணலாமா?" அவர் சொன்னது முழு உண்மையா, அல்லது மரியாதை கருதிச் சொன்ன காரணமா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன காரணம் அது. அவர் விரல் நீட்டியது என் பக்கம்.

திரும்பி வந்தேன். நீ பஜ்ஜிகளை ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாய். "என்னாம்மா சொன்னாங்க?" என்றாய். "நம் வீடு அவர்களுக்கு ஒத்துவரவில்லையாம்," என்றேன். நீ தலையசைத்தாய். உன் கை தானாக எழுந்து புருவத்துக்கு மேலே ஒருமுறை தொட்டு இறங்கியது. "எருமையப் பாத்துட்டு போயிட்டாங்க," என்று சிரித்தாய். நான் உன் கை போன இடத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல அந்த நொடி போதுமானதாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் என் மேல் நீ வைத்திருக்கும் மதிப்புக் குறையும் என்ற அச்சம். அந்த மதிப்பைக் காத்துக்கொள்ள, உன் முகத்தைத்தான் அவர்கள் வேண்டாம் என்றார்கள் என நீ நம்பும்படி விட்டுவிட்டேன். "இனிமே என்ன யாரும் பாக்க வரவேணாம்," என்று நீ சொன்னபோதும் வாய் திறக்கவில்லை. உறவினர்களிடம், என் மகள் தன்மானம் மிக்கவள் என்று சொல்லி அதிலும் பெருமை தேடிக்கொண்டேன். மூன்று மாதத்தில் நீ வேலூருக்குப் போய்விட்டாய்.

இதை இன்னும் பல ஆண்டுகள் மறைத்திருப்பேன். வியாழக்கிழமை நீ தொலைபேசியை வைக்கும் முன் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. "கதை மொகத்த மாத்தாது, ஜனங்களையும் மாத்தாதும்மா. அந்தப் பொண்ணு கொஞ்சம் சிரிச்சா போதும்," என்றாய். ஐந்து வயதில் உனக்கு அந்த எண்ணம் கிடையாது. அதை உனக்குக் கொடுத்தவள் நான், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு பொய்யால். திங்கட்கிழமை நீ அந்தச் சிறுமியின் முன் அமரும்போது, கதையோடு சேர்த்து அதையும் அவளிடம் கொடுத்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன். கதை சொல்பவர் உள்ளுக்குள் நம்பாததைப் பிள்ளைகள் எப்படியோ கேட்டுவிடுகிறார்கள். எப்படிக் கேட்கிறார்கள் என்பது நான் இன்னும் தீர்க்காத வினா. என் வெள்ளையம்மாவில் நீ கேட்டாயே, அதைப் போல.

உண்மையை அறிந்தால் நீ உடனே மணமேடைக்குச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. இக்கடிதத்தின் முடிவில் ஒரு மாப்பிள்ளை வந்து நிற்க மாட்டார். அப்படி நிறுத்தினால் இதுவும் வெள்ளையம்மா கதையாகிவிடும். நீ திருமணம் செய்துகொள், செய்யாமல் இரு. எந்த முடிவாக இருந்தாலும், நடக்காத ஒன்றை நம்பி அதை எடுக்காதே என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

கதையைச் சொல்வதானால் சில குறிப்புகள், என் தவறுகளிலிருந்து. முதல் எருமையாக நீயே நில். உன் நெற்றியைக் காட்டியே கேட்கச் சொல். அவர்கள் சிரிக்கும்போது அந்தச் சிறுமி சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் கதை யாருக்காக என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவளை எருமையாகும்படி அழைக்காதே. நான்காம் நாள் வரலாம், நாற்பதாம் நாள் வரலாம், வராமலும் இருக்கலாம். கைக்குட்டையை அவள் கீழே வைத்தால்தான் கதை பலித்தது என்று எண்ணிவிடாதே. அவள் கைக்குட்டையோடே வந்து எருமையாக நின்றால், கைக்குட்டையைப் பற்றி அவளே ஒரு பதில் சொல்லட்டும். ஊன்ற ஒரு கைதான் இருக்கும், ஆகவே மூன்று கால் எருமையாகத்தான் நிற்பாள். நிற்கட்டும். அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எனக்கு எழுது. அதை அறிய நான் கொண்டிருக்கும் ஆவலை மறைக்கப் போவதில்லை. இதுவரை மறைத்தது போதும்.

இன்று நண்பகல் ஸ்டூடியோவுக்கு மறுபடி போனேன். ஸ்டூடியோக்காரர் பழைய படத்தை அழிக்காமல் வைத்திருந்தார். பெரிய அளவில் கேட்டேன். "எதுவும் டச் பண்ண வேணாமா டீச்சர்?" என்றார். வேண்டாம் என்றேன். முன்னறையில், நாள்காட்டி இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன். உன் அப்பா சவாரி முடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன்முன் நின்றார். "பவுடர் தீந்துடுச்சா டீச்சரம்மா?" என்றார். தீர்ந்துவிட்டது என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஸ்டூடியோவில் அன்று நான் வெற்றிலையளவு வெள்ளையை மட்டுமே பார்த்திருந்தேன், அதற்குப் பின்னால் நின்ற உன்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நோட்டை எடுத்துவந்து, நீ எருமையாக நின்ற நாளின் பக்கத்தைத் திறந்து, 'காரணம் தெரியவில்லை' என்ற சொற்களை அடித்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அது உனக்குச் சொந்தம்.

நீ கோபப்படலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபப்படலாம். எருமைக்கு இருந்ததைப் போல உனக்கும் விடுப்பு உண்டு. பிறகு ஒருநாள், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, பேருந்து ஏறி வா. வாசலில் நான் நிற்பேன். எல்லோருக்கும் தெரியும்படி என் நெற்றியிலும் இப்போது ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காதது போல உள்ளே போய்விடாதே. முறைப்படி கேள்: "எருமையக்கா எருமையக்கா, நெத்தியில என்னா?" சுண்ணாம்பு என்றோ விபூதி என்றோ சொல்ல மாட்டேன். உன்னிடமிருந்து கற்ற பதிலைத்தான் சொல்வேன். இதுவா? இது நான் சொன்ன பொய். இதற்குப் பின்னால் உன் அம்மா நிற்கிறாள், பார்க்கவில்லையா நீ.

வேங்கிக்காலிலிருந்து,
உன் அம்மா